கர்ணனின் அசைவு பூஜ்யம்

கர்ணனுக்கு உயிரசைவு இல்லை என்று கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த அன்று காலையில்தான் கர்ணன் இரண்டு பேரை முட்டித் தள்ளியிருந்தான். ஒருவர் தொழுவைப் பெருக்க வந்தவர். இன்னொருவர் கம்ப்யூட்டரைத் துடைக்க வந்து, வழி தெரியாமல் தொழுவுக்குள் போனவர். காயச் சான்றையும் ஆய்வறிக்கையையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டிலும் ஒரே தேதி. கீழே ஒரே கையெழுத்து.

நான் வேலை பார்த்த இடம் உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவில் இருந்தது. ‘பள்ளத்தாக்குப் பகுதி கால்நடை இனவிருத்தி, உறைவிந்து சேகரிப்பு மற்றும் தர நிர்ணய நிலையம்’ என்று பெயர். ஊரில் மாட்டாபீஸ் என்பார்கள். பொலிகாளைகளை வைத்து வளர்ப்பது, அவற்றின் விந்தைச் சேகரித்து உறைய வைப்பது, கம்பம் முதல் தேனி வரை உள்ள மாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது, இதுதான் வேலை. இருபத்தோரு வருடம் அந்தப் பெயரை முழுசாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். பங்குச்சாமியார் எங்கே வேலை என்று கேட்டால் மட்டும், மாட்டுத் துறை என்று நிறுத்திக்கொள்வேன்.

என் கணவர் பீட்டர்ராஜ் அங்கேயே லேப் டெக்னீஷியன். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இந்தக் கதையை அவர்தான் சொல்வார். விருந்துக்கு வந்தவர்களிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், ஒரு தடவை பல்லைப் பிடுங்க வாயைத் திறக்கச் சொன்ன டாக்டரிடம்கூட. நான் நடுவில் நுழைந்து தேதிகளைத் திருத்துவேன். இப்போது திருத்துவதற்கு மட்டும் ஆள் இருப்பதால் நானே எழுதுகிறேன்.

புது ஏற்பாடு வருவதற்கு முன்னால் விந்தின் தரத்தைப் பார்க்கும் முறை எளிமையானது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து, என் கணவர் மைக்ராஸ்கோப்பில் ஒரு நிமிஷம் பார்ப்பார். உயிரணுக்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்து, நோட்டில் ‘நல்லது’, ‘சுமார்’, ‘ஆகாது’ என்று மூன்றில் ஒன்றை எழுதுவார். பதினெட்டு வருடமாக அவர் எழுதியதைப் பசுக்கள் மறுத்ததில்லை.

2007-இல் துணை இயக்குநராக டாக்டர் ஞானசிகாமணி வந்தார். சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா வைத்திருப்பார். முதல் கூட்டத்திலேயே அந்த நோட்டைக் கையில் தூக்கிப் பிடித்துப் பேசினார்.

“ஒரு மனுஷனோட கண்ணை நம்பி ஒரு மாவட்டத்தோட மாடுகளை விட முடியாது. கண்ணுக்கு சீரியல் நம்பர் கிடையாது. கண்ணை ஆடிட் பண்ண முடியாது. நாளைக்கே மேலதிகாரி வந்து, எதை வச்சுப் பாத்தீங்க காட்டுங்கன்னா, என்னத்தைக் காட்டுவீங்க?”

என் கணவர் தன் கண்ணைக் காட்டினார். கூட்டக் குறிப்பில் அது பதிவாகவில்லை.

துணை இயக்குநர் பத்து நாள் பயிற்சிக்கு வடக்கே போய்விட்டு ஒரு சி.டி.யோடு திரும்பினார். படங்களை அலசும் மென்பொருள் அது. அதோடு ஒட்டிக்கொள்ளும் ‘பிளக்-இன்’ ஒன்றும் இருந்தது. மைக்ராஸ்கோப்பின் தலையில் கேமராவை மாட்டி வீடியோ எடுத்தால், ஒவ்வோர் உயிரணுவும் எங்கிருந்து எங்கே போனது என்று அந்தப் பிளக்-இன் கோடு போட்டுக் காட்டும். கடைசியில், நூற்றுக்கு எத்தனை அசைகின்றன என்று ஒரு எண் தரும்.

இதனால் என் கணவருக்கு வருத்தம் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் முறத்தில் நாலு கடுகைப் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு கிளாரா. வீடியோன்னா செகண்டுக்கு இருபத்தஞ்சு படம். இந்தப் படத்துல இந்தக் கடுகு இங்கன இருக்கு. அடுத்த படத்துல ஒரு கடுகு கொஞ்சம் தள்ளி அங்கன இருக்கு. ரெண்டும் ஒரே கடுகுதானான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? கிட்டக்க இருந்தா அதேதான்னு எடுத்துக்கும். தூரமா இருந்தா வேறன்னு விட்டுரும். எவ்வளவு தூரம் வரைக்கும் ‘கிட்டக்க’ன்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும். அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. வேகமா ஓடுற காளையோடதப் பாத்து, அதுக்குத் தக்கன ஒரு நம்பர் போட்டா முடிஞ்சுது.”

‘முடிஞ்சுது’ என்ற சொல் எங்கள் ஆபீஸில் அவ்வளவு சீக்கிரம் புழங்குவதில்லை. அந்த எண்ணை முடிவுசெய்ய ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. எந்தக் காளையைப் பார்த்து எண்ணை வைப்பது என்பது முதல் கூட்டத்தின் கேள்வி. வேகமான காளையை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் என் கணவர். துணை இயக்குநர் சிரித்தார். அரசு அலுவலகத்தில் எதையும் வேகத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை, பணி மூப்பை வைத்துத்தான் என்று விளக்கினார். பணி மூப்புப் பட்டியல் வரவழைக்கப்பட்டது. காளைகளுக்கும் எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. முதல் பெயர் ‘ஜமீன்’. வயது பதின்மூன்று. கலப்பினம். படுத்தால் எழுப்புவதற்கு மூன்று ஆள் வேண்டும்.

ஜமீனுடைய சொட்டை வைத்துப் பார்த்தார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவனுடைய அணுக்கள் திரையில் அதிகபட்சம் மூன்று புள்ளி தூரம் நகர்ந்தன. ஆகவே எண் மூன்று என்று தீர்மானம் ஆனது. சென்னைக்கு எழுதி ஆணை எண் வாங்கினார்கள். நான் ‘மூன்று. மாற்றக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதை லேமினேஷன் செய்து மானிட்டர் மேல் ஒட்டினார்கள்.

முதல் மாத முடிவில் ஜமீனுக்குத் தொண்ணூற்று இரண்டு. கர்ணனுக்குப் பூஜ்யம்.

கர்ணன் மலைமாடு. கூடலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் மாட்டுக்கிடை போடும் அக்கம்மாள் நான்கு வருடத்துக்கு முன்னால் நிலையத்துக்குக் கொடுத்த காளை. நாட்டினம் ஒன்றாவது கணக்கில் இருக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னதால் அவளைத் தேடிப் போய்க் கேட்டு வாங்கினார்கள். கருத்த உடம்பு, வாளிப்பான கொம்பு. அவனுடைய சொட்டு தகட்டில் விழுந்தால் மழை பெய்த மாதிரி இருக்கும் என்பார் என் கணவர். பிரச்சினையே அதுதான். ஒரு படத்தில் இங்கே இருக்கும் அணு அடுத்த படத்தில் பத்து, பன்னிரண்டு புள்ளி தாண்டிப் போயிருக்கும். மூன்றுக்கு மேல் போனதைப் பிளக்-இன் அதே அணு என்று ஒப்புக்கொள்ளாது. யாரையும் தொடர முடியவில்லை. ஆகவே யாரும் அசையவில்லை.

என் கணவர் வீடியோவைத் துணை இயக்குநர் முன்னால் ஓடவிட்டுக் காட்டினார். திரை கொதிக்கிற உலைத்தண்ணீர் போல இருந்தது. மூன்றைப் பன்னிரண்டு ஆக்கினால் போதும் என்றார்.

துணை இயக்குநர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஓடுறானுக, நானும் பாக்கிறேன். ஆனா வரம்புக்கு மேல ஓடுறவன் கணக்குல வரமாட்டான் பீட்டர். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் தெரிஞ்சுக்கிட்டது அதான். மெஷினுக்கு இது முதல் நாளே தெரிஞ்சிருக்கு.”

எண்ணை மாற்றக் கோரி என் கணவர் எழுதிய கடிதம் சென்னைக்குப் போனது. ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. மாற்றிய எண்ணை வைத்துச் சோதித்த முடிவுகளை இணைத்து அனுப்பினால் கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று முதல் பத்தியில் இருந்தது. ஒப்புதல் வரும்வரை மாற்றிய எண்ணை வைத்து எதையும் சோதிக்கக் கூடாது என்று இரண்டாம் பத்தியில் இருந்தது. அந்தக் கடிதத்தை என் கணவர் பிரேம் போடக் கேட்டார். நான் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

மறு வருடம் மின்வெட்டு வந்தது. ஆபீஸுக்கு ஜெனரேட்டர் வந்தது. அதை வைக்க வேறு இடமில்லாமல் லேப் சுவருக்குப் பின்புறம் வைத்தார்கள். அது ஓடினால் மைக்ராஸ்கோப் மேசையும் மெல்ல நடுங்கும். தகடு நடுங்கும். தகட்டில் உள்ளது எல்லாம், உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே பக்கமாக ஒன்று, இரண்டு புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்றைத் தாண்டாது.

அந்த மாதம் ஜமீன் செத்துப்போனான். உறைய வைக்கும் கலனில் நைட்ரஜன் தீர்ந்து கெட்டுப்போன அவனுடைய பழைய விந்துச் சரக்கு கொஞ்சம் இருந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது அதைச் சோதித்ததில் நூற்றுக்கு நூறு வந்தது. நிலையத்தின் வரலாற்றில் அதற்கு முன்பு நூறு வந்ததில்லை. துணை இயக்குநர் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். உயிரோடு இருந்தபோது தொண்ணூற்று இரண்டாக இருந்த ஒரு காளை மறைவுக்குப் பின் எட்டு சதவீதம் முன்னேற்றம் காட்டியிருப்பதைத் துறையின் மாத இதழுக்குக் கட்டுரையாக எழுதினார். இனி ஜெனரேட்டர் ஓடும்போது மட்டுமே சோதனை நடக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டார். கரண்ட் இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டு ஜெனரேட்டரைப் போட்டோம்.

என் கணவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சாக்பீஸைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு வைத்தார். நூறு வந்தது. அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு துணை இயக்குநர் அறைக்குப் போனார். நானும் கோப்போடு அங்கே நின்றிருந்தேன்.

“எந்தக் காளை?” என்றார் துணை இயக்குநர்.

“காளை இல்ல சார். சாக்பீஸ்.”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார்.

“பாத்தீங்களா பீட்டர், ஒரு சாக்பீஸுக்கு இருக்கிற ஒழுங்கு அந்தக் கர்ணனுக்கு இல்லையே.”

நூறு வாங்கிய ஜமீன் சரக்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. பள்ளத்தாக்கில் பசுக்கள் சினை பிடிக்காமல் போயின. குச்சனூரிலிருந்தும் தேனியிலிருந்தும் விவசாயிகள் வந்து முறையிட்டார்கள். ஜமீனின் சரக்கு நூற்றுக்கு நூறு என்பதைக் காட்டி, குறை பசுக்களிடம்தான் என்று பதில் எழுதினோம். பசுக்களையும் சோதிக்க ஒரு மென்பொருள் கேட்டு மேலே கடிதம் போனது.

ஆய்வுக்கு வந்த இணை இயக்குநர் நிலையத்தை வெகுவாகப் பாராட்டினார். போகும்போது ஒன்று சொன்னார்: தொடர்ந்து மூன்று முறை பூஜ்யம் வாங்கும் காளையை ஏலம் விட்டுவிடுங்கள். கர்ணனுக்கு அப்போது ஏழாவது பூஜ்யம் நடந்துகொண்டிருந்தது.

கழித்த காளையை உழவுக்கு யாரும் ஏலம் எடுப்பதில்லை. எடுக்கிறவர்கள் லாரியோடு வருவார்கள். அடிமாடாகத்தான் போகும்.

அக்கம்மாள் வாராவாரம் கர்ணனைப் பார்க்க வருவாள். கூடலூரிலிருந்து பஸ் ஏறி, தூக்குவாளியில் ஊறவைத்த எள்ளுப் புண்ணாக்கோடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வெற்றிலை போட்ட வாயால் பேசினால் எதிரில் இருக்கிறவர் சட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏலச் செய்தியை என் கணவர்தான் அவளிடம் சொன்னார். மூன்றையும் பன்னிரண்டையும் பொறுமையாக விளக்கினார். கடுகு இல்லாததால் புண்ணாக்குத் துணுக்குகளை வைத்து.

அவள் முழுதும் கேட்டாள். பிறகு நேராகத் துணை இயக்குநர் அறைக்குப் போனாள்.

“ஐயா, வெரசா ஓடுனா செத்ததுன்னு எழுதுவீகளாம்ல? எங்க கெடையில நாப்பது கன்னு இவன் போட்டது. வந்து எண்ணிப் பாக்கணும்.”

கன்றுகளை ஆதாரமாக எடுத்துக்கொள்ள விதியில்லை என்றார் துணை இயக்குநர். கன்று என்பது ஒன்பது மாதம் தாமதமாக வரும் தகவல். மென்பொருள் அன்றன்றைக்கே சொல்லிவிடுகிறது என்றும் விளக்கினார். அவள் தூக்குவாளியைத் தரையில் வைத்தாள்.

“ஒங்களுக்குப் புள்ளைக இருக்காகளாய்யா?”

“ரெண்டு பேர்.”

“எந்த மிசின்ல பாத்தீக?”

பியூன்தான் அவளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். மரத்தடிக்கு வந்த பிறகுதான் அவள் அழுதாள். பிள்ளை இல்லாத வீட்டுக்கு இவன்தான் பிள்ளை, லாரியில ஏத்திவிடவா வளத்தேன் என்று அழுதாள். என் கணவர் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணால் பார்த்து எழுதியிருந்தால் ஒரு நிமிஷ வேலை என்று மட்டும் சொன்னார்.

ஏல அறிவிப்பைத் தட்டச்சு செய்ய என்னிடம் கொடுத்தார்கள். அச்சிட்ட படிவம் அது. ‘கீழ்க்கண்ட உயிருள்ள, திடமான காளை’ என்று தொடங்கும். அதோடு ஆய்வறிக்கையை இணைக்க வேண்டும். அதில், ‘காளை எண் நாற்பத்திரண்டு. உயிரசைவு: பூஜ்யம்’ என்று இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பிறகு பழைய பீரோவைத் திறந்து அக்கம்மாள் காளையைக் கொடுத்தபோது எழுதிய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். அவர்கள் ஆட்கள் பொலிகாளையை அறுப்புக்கு விடமாட்டார்கள். செத்தால் மஞ்சள் பூசி, கோடித்துணி போர்த்தி, சொந்தக் கையால் புதைப்பார்கள். அதனால் காளை இறந்தால் உடலைத் தன்னிடமே தர வேண்டும் என்று அவள் அடம்பிடித்து ஒரு வரி சேர்க்க வைத்திருந்தாள். ஐந்தாவது நிபந்தனை.

அன்று என் கணவரிடம்கூடச் சொல்லாமல் மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“சார், ஒரு சந்தேகம். இதுலயும் உங்க கையெழுத்து, இதுலயும் உங்க கையெழுத்து. ஏல நோட்டீஸ்ல காளை உயிரோட இருக்கு. ரிப்போர்ட்டுல உயிர் இல்ல. ஒரே பைல்ல ரெண்டும் போகுது. ஆடிட்டுல கேட்டா என்ன சொல்றது?”

துணை இயக்குநரின் முகம் மாறியது. இரண்டு தாளையும் மாறி மாறிப் படித்தார். காளைக்கு உயிர் இருக்கிறது என்றால் மென்பொருள் தவறு. மென்பொருள் தவறு என்றால் ஜமீனின் நூறு தவறு, மாத இதழில் வந்த கட்டுரை தவறு, இணை இயக்குநரின் பாராட்டு தவறு. ஜன்னல் வழியே பார்த்தார். கீழே கர்ணன் வேப்பமரத்தில் கொம்பைத் தீட்டிக்கொண்டிருந்தான். மரம் ஆடியது.

ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் யோசித்தார்.

“கிளாரா, மென்பொருளைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது. அது ஆணை எண்ணோட இருக்கு. ஆனா காளையைத் திருத்த எனக்கு அதிகாரம் இருக்கு.”

சிவப்புப் பேனாவை எடுத்து ஏல அறிவிப்பின் குறுக்கே கோடு போட்டார். நான் கையோடு கொண்டுபோயிருந்த இறப்புப் படிவத்தை நீட்டினேன். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் ‘வரம்பு மீறிய வேகம்’ என்று எழுதினார். பிரேதப் பரிசோதனை தேவையில்லை, உயிரோடு இருக்கும்போதே ஏழு முறை பரிசோதித்தாயிற்று என்று குறிப்பும் எழுதினார். ஐந்தாவது நிபந்தனையின்படி உடலை ஒப்படைக்க உத்தரவிட்டார். அவர் கால்நடை மருத்துவத்தில் தங்கப்பதக்கம் வாங்கியவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அக்கம்மாள் வந்தாள். அவர்கள் வழக்கப்படி மஞ்சளும் கோடித்துணியும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். ஒரு மாலையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள். தொழுவில் அவள் மஞ்சளைக் குழைத்துப் பூச, கர்ணன் அந்தக் கையை நக்கினான். என் கணவர் துணியைப் போர்த்திவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

துணை இயக்குநர் ஊழியர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து இரண்டு வார்த்தை பேசினார்.

“கர்ணன் வேகமானவன். வேகம் இந்தத் துறையில நெறையப் பேரைக் கொன்னிருக்கு.” பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்துகொண்டார். “சர்வீஸ்ல சேந்தப்ப நானும் வேகமாத்தான் இருந்தேன்.”

பிறகு ஒரு நிமிஷ மௌனம். அந்த ஒரு நிமிஷமும் கர்ணன் மூத்திரம் பெய்தான். யாரும் சிரிக்கவில்லை. அன்று எங்கள் ஊழியர்கள் காட்டிய கட்டுப்பாட்டை வேறெங்கும் நான் கண்டதில்லை.

கேட்டில் காவலாளி தங்கபாண்டி தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். வெளியே போகும் பொருள் என்ன என்று கேட்டார். உத்தரவைப் பார்த்து, ‘பிணம் ஒன்று’ என்று எழுதினார். அடுத்தது வாகன எண். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கர்ணனைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார்.

“வண்டி நம்பர் என்னன்னு போட?”

“வண்டி வரல அண்ணே. தானாப் போகுதுன்னு போடுங்க.”

அவர் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு கர்ணன் நகர மறுத்தான். ஐந்து வருடமாக அந்தக் கேட்டைத் தாண்டாதவன். வாசலுக்கு நடுவில், மாலையைத் தின்றுகொண்டு நின்றான். மாடி வராந்தாவில் துணை இயக்குநர் நின்றிருந்தார். அக்கம்மாள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு அவன் காதருகே குனிந்து, எங்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஏலே, ஆபீசர் பாத்துக்கிட்டு நிக்கிறாக. மானத்த வாங்காம ஒரு எட்டு வையி சாமி.”

ரோட்டில் கம்பம் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. கர்ணன் காதை விடைத்தான். அடுத்த நிமிஷம் துணி ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம் பறக்க அவன் மேற்கே மலையைப் பார்த்து ஓடினான். கயிற்றை விடாமல் அக்கம்மாளும் பின்னாலேயே ஓடினாள். வாய்க்கால் பாலம் தாண்டுகிறவரை அவள் குரல் எங்களுக்குக் கேட்டது.

“மெல்லப் போடா செத்த பயலே, எனக்கு மூச்சு வாங்குது.”